‘சூடா இருக்கு’ என்றால் ஏன் ‘ஹொட்லி’ இல்லை?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். முன்பள்ளி ஆசிரியை வேலைக்காக ஆங்கிலம் படிக்கிறாராம். “பெயரைச் சொல்ல வந்தால் அட்ஜெக்டிவ், வினையைச் சொல்ல வந்தால் அட்வேர்ப், அட்ஜெக்டிவோடு ‘லி’ சேர்த்தால் அட்வேர்ப் என்று படித்தேன். ‘த டீ டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி’ என்று எழுதினேன், டீச்சர் வெட்டிவிட்டார். டேஸ்ட் என்பது வினைதானே? ‘ஷி சிங்ஸ் குட்’ என்று எழுதினேன், அதையும் வெட்டிவிட்டார். அங்கே ‘லி’ போட்டது பிழை, இங்கே ‘லி’ போடாதது பிழையா? இதற்கு ஒரு நேரான விதி இல்லையா?”

தங்கச்சி, டீச்சர் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். நீங்கள் படித்த விதியும் பொய் இல்லை. நம்மைக் கவிழ்ப்பது நம் தமிழில் இருக்கும் ‘ஆக’. அதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஆங்கில இலக்கணப் புத்தகம் தமிழ்ப் பிள்ளைக்காக எழுதப்பட்டது இல்லையே.

தமிழில் ‘அழகு’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘ஆன’ சேர்த்தால் அழகான, அது பெயரடை. ‘ஆக’ சேர்த்தால் அழகாக, அது வினையடை. அழகான பிள்ளை, அழகாகப் பாடுகிறாள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ‘ஆன’ என்றால் பியூட்டிஃபுல், ‘ஆக’ என்றால் பியூட்டிஃபுலி என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறோம். பாதி இடங்களில் அந்தக் கணக்கு சரியாகவே வரும். ஆனால் ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்று வரும்போது தமிழில் ‘ஆக’ நிற்கிறது, ஆங்கிலத்தில் ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’ என்று அட்ஜெக்டிவ் நிற்கிறது. தேத்தண்ணி சூடா இருக்கு என்பது ‘த டீ இஸ் ஹொட்’. ஹொட்லி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏன் அப்படி? தமிழில் ‘நல்ல’, ‘சூடான’ போன்ற பெயரடை தனியாக வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காராது. ‘தேத்தண்ணி சூடான’ என்று சொன்னால் வாக்கியம் தொங்கிக்கொண்டு நிற்கும். ‘சூடானது’ என்று பெயராக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘சூடாக இருக்கிறது’ என்று ‘இரு’வின் தோளில் ஏற்ற வேண்டும். ஆங்கில அட்ஜெக்டிவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ‘ஹொட் டீ’ என்று பெயருக்கு முன்னாலும் நிற்கும், ‘த டீ இஸ் ஹொட்’ என்று பின்னாலும் நிற்கும். ஆகவே நம் ‘ஆக’ இரண்டு வேலை செய்கிறது. ‘இரு’வோடு வந்தால் பொருளின் தன்மையைச் சொல்கிறது, மற்ற வினையோடு வந்தால் பெரும்பாலும் செய்கிற விதத்தைச் சொல்கிறது. முதல் வேலைக்கு ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ், இரண்டாவதற்கு அட்வேர்ப். நீங்கள் கேட்ட விதி இதுதான். சொல் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள், ஆளையா பொருளையா, இல்லை செயலையா என்று. பக்கத்தில் வினை நிற்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை.

உங்கள் ‘டேஸ்ட்’டுக்கு வருவோம். என் அப்பா ஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலை பெக்டரியைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். சின்ன வயதில் ஒருமுறை அவரோடு போனபோது, நீளமான மேசையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து டீமேக்கர் ருசி பார்ப்பதைப் பார்த்தேன். கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், துப்புவார், அடுத்த கோப்பைக்குப் போவார். அந்த ஒரு அறைக்குள்ளேயே ‘டேஸ்ட்’டின் இரண்டு முகமும் இருக்கிறது. டீமேக்கர் தேத்தண்ணியைக் கவனமாக ருசி பார்க்கிறார், ‘ஹி டேஸ்ட்ஸ் த டீ கெயார்ஃபுலி’. இங்கே கவனம் அவருடைய செயலில் இருக்கிறது. தேத்தண்ணி கசக்கிறது, ‘த டீ டேஸ்ட்ஸ் பிட்டர்’. இங்கே தேத்தண்ணி ஒரு வேலையும் செய்யவில்லை, கோப்பையில் சும்மா கிடக்கிறது. கசப்பு தேத்தண்ணியின் குணம். நீங்கள் ‘த டீ டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி’ என்று எழுதினால், தேத்தண்ணி தானே ஒரு கரண்டியை எடுத்து ஏதோ ஒன்றை இனிமையாக ருசி பார்க்கிறது என்ற மாதிரி ஆகிவிடும்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘த டீ இஸ் பிட்டர்’ பொருந்துகிறதா? பொருந்தினால் அட்ஜெக்டிவ். ‘ஷி சிங்ஸ்’ என்ற இடத்தில் ‘ஷி இஸ்’ போட்டால் பாட்டே காணாமல் போய்விடுகிறது, அதனால் அங்கே அட்வேர்ப் வேண்டும். குட் என்பதன் அட்வேர்ப் ‘குட்லி’ இல்லை, ‘வெல்’. ‘ஷி சிங்ஸ் வெல்.’

இப்படி இரண்டு முகம் காட்டும் வினைகள் அதிகம் இல்லை. லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட் என்று புலன்களைச் சேர்ந்த ஐந்து. பிறகு சீம், பிகம், கெட், டேர்ன், ஸ்டே, ரிமெய்ன் என்று இருப்பதையும் மாறுவதையும் சொல்கிற சில. அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்தால் கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமாக மாறும், ‘த லீஃப் டேர்ன்ஸ் கொப்பரி’. நம் ‘நிறமாக’வைப் பார்த்து ஏமாந்து ‘லி’யைத் தேடாதீர்கள். ‘லுக்’ இன்னும் வேடிக்கையானது. ‘ஷி லுக்ட் ஆங்க்ரி’ என்றால் அவள் முகத்தில் கோபம் தெரிந்தது. ‘ஷி லுக்ட் ஆங்க்ரிலி எட் த கங்காணி’ என்றால் கங்காணியை முறைத்துப் பார்த்தாள்.

இனி ‘ஆக’வின் மூன்றாவது சேட்டை. நுவரெலியாப் பாதையோரக் கடையில் வாங்கிய கரட்டைக் கழுவி அப்படியே பச்சையாகத் தின்றேன் என்று சொல்ல வேண்டும். பச்சையாக, தின்றேன். ‘ஆக’வும் இருக்கிறது, பக்கத்தில் செயலும் இருக்கிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் ‘ஐ எட் த கரட் ரோ’ என்றுதான் வரும். ஏனென்றால் பச்சையாக இருந்தது கரட். நான் தின்ற விதத்தில் பச்சை ஒன்றும் இல்லை. கதவுக்கு வெள்ளையாகப் பெயின்ட் அடித்தோம் என்பதும் அப்படித்தான், ‘வி பெயின்டட் த டோர் வைட்’. அதனால்தான் மேலே ‘பெரும்பாலும்’ என்று சொன்னேன். ‘ஆக’வை நம்பாதீர்கள், அது யாரைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

அடுத்தது ‘லி’. இந்த வால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் ‘லிச்’ என்று ஒரு சொல் இருந்தது. உடல், வடிவம் என்று பொருள். இன்று ‘போல’ என்ற பொருளில் வரும் ‘லைக்’கும் அதன் சொந்தக்காரன்தான். அந்தச் சொல் ஒட்டாகிப் பெயரோடு சேர்ந்தால் ‘அதைப் போன்ற’ என்று பெயரடை கிடைக்கும். அதன் கடைசியில் ஒரு ‘எ’ சேர்ந்தால் ‘அதைப் போல’ என்று வினையடை ஆகும். நம் ‘போன்ற’, ‘போல’ மாதிரியே. காலப்போக்கில் அந்தக் கடைசி ‘எ’ தேய்ந்து விழுந்துவிட்டது. இரண்டும் ‘லி’ என்ற ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. ‘ஃப்ரெண்ட்லி’ என்பது நண்பனைப் போன்ற, ஆகவே அட்ஜெக்டிவ். லவ்லி, லோன்லி, கவர்ட்லி எல்லாம் அந்தக் கூட்டம். ‘ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி’ என்று எழுதினால் வெட்டுவார்கள். ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றி வர வேண்டும்.

‘டெய்லி’ இரண்டு பக்கமும் போகும். ‘டெய்லி வேஜ்’ என்றால் நாட்சம்பளம், அங்கே அட்ஜெக்டிவ். ‘தே ஆர் பெய்ட் டெய்லி’ என்றால் நாளாந்தம் சம்பளம் கொடுக்கிறார்கள், அங்கே அட்வேர்ப். நம் ஆட்கள் இந்த இரண்டின் வித்தியாசத்தை இலக்கணம் படிக்காமலே நன்றாக அறிவார்கள். சம்பளம் நாட்கணக்கில் எழுதப்பட்டாலும் கைக்கு வருவது மாதத்துக்கு ஒருமுறைதானே.

அதே ‘எ’ விழுந்த கதைதான் ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ போன்ற சொற்களுக்கும். இவற்றின் பழைய வினையடையில் ‘லி’ இல்லை, கடைசியில் ஓர் ‘எ’ மட்டும் இருந்தது. அது விழுந்ததும் பெயரடையும் வினையடையும் ஒரே முகமாகிவிட்டன. ‘ஹார்ட் வேர்க்’ என்றாலும் ஹார்ட், ‘ஷி வேர்க்ஸ் ஹார்ட்’ என்றாலும் ஹார்ட். பிறகு ‘ஹார்ட்லி’ என்று தனியாக ஒரு சொல் வளர்ந்தது. அதன் இன்றைய பொருள் ‘ஏறக்குறைய இல்லவே இல்லை’.

இந்த ஹார்ட்லியிடம் நான் அடி வாங்கியிருக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டு ஓர் அலுவலகத்துக்கு வேலை விண்ணப்பம் எழுதினேன். குடும்பத்தைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். விடிய முன்னமே எழும்பி ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய், அந்திக்குத்தான் திரும்புவார். அதையெல்லாம் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும் என்று ‘மை மதர் வேர்க்ஸ் ஹார்ட்லி இன் த எஸ்டேட்’ என்று எழுதிவிட்டேன். நேர்முகத்தில் இருந்தவர் அதை வாய்விட்டு வாசித்தார், பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். என்ன பிழை என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன், அம்மா தோட்டத்தில் வேலையே செய்வதில்லை என்று என் கைப்படவே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலை கிடைக்கவில்லை. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, “நீ எழுதின மாதிரி ஒருநாள் இருந்தா நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

இந்த வகையில் இன்னும் நாலைந்து சோடி இருக்கின்றன. ‘லேட்’ பிந்தி, ‘லேட்லி’ அண்மைக்காலமாக. பஸ் லேட்டாக வந்தது என்று சொல்ல ‘த பஸ் கேம் லேட்’ என்றே எழுத வேண்டும். ‘நியர்’ கிட்ட, ‘நியர்லி’ கிட்டத்தட்ட. ‘ஹை’ உயரத்தில், ‘ஹைலி’ மிகவும். கடைசிச் சோடியை மறக்காமல் வைத்திருக்க நமக்கு ஒரு வழி இருக்கிறது. தேயிலைப் பெட்டியில் ‘ஹை க்ரோன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1,200 மீற்றருக்கு மேலே விளைவது ஹை க்ரோன், 600க்கும் 1,200க்கும் இடையில் மிட் க்ரோன், அதற்குக் கீழே லோ க்ரோன். உயரத்தில் விளைந்த என்பதில் ‘உயரத்தில்’ விளைதலைச் சொல்கிறது, ஆகவே அது வினையடை. ஆனாலும் ‘லி’ இல்லை. ‘ஹைலி க்ரோன்’ என்று ஒரு பெட்டியிலும் இருக்காது. அந்த ‘ஹை க்ரோன்’ என்ற இரண்டு சொல்லும் கை கோத்துக்கொண்டு ‘டீ’ என்ற பெயருக்கு ஒரே அட்ஜெக்டிவாக நிற்கின்றன. வீட்டில் ஒரு பெட்டி கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

பெட்டி என்றதும் இன்னொன்று. ‘எஃப்.பி.ஓ.பி.எஃப்.’ என்று ஸ்டோர் பலகையில் எழுதியிருக்கும் தரத்தை விரித்தால் ‘ஃப்ளவரி புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ ஃபெனிங்ஸ்’. ஐந்து சொல். கடைசிச் சொல்தான் பெயர், முன்னால் இருக்கிற நாலும் அதற்கு அடை. ஃப்ளவர் என்ற பெயரோடு ‘ஈ’ சேர்ந்து ஃப்ளவரி ஆனது. பிரேக் என்ற வினையின் மூன்றாம் வடிவம் புரோக்கன், அது உடைந்த என்று பெயரடை வேலை செய்கிறது. ஒரேஞ்சுக்கும் தோடம்பழச் சுவைக்கும் சம்பந்தம் இல்லை, அது தரத்தின் பெயரில் ஒரு பகுதி. அடைமொழி என்றால் பெயருக்கு முன்னால், எத்தனை வந்தாலும் முன்னால், என்ற அளவில் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகின்றன. பன்மைக்கு அடை மாறாது என்பதிலும் ஒத்துப்போகின்றன. பெரிய மலை, பெரிய மலைகள், ‘பிக் ஹில்’, ‘பிக் ஹில்ஸ்’. பல அடைகள் வந்தால் ஆங்கிலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நம் அபிப்பிராயம் முதலில், பிறகு அளவு, பழையதா புதியதா என்பது, வடிவம், நிறம், எந்த இடத்தது, எதனால் ஆனது. ‘எ நைஸ் லிட்டில் ஓல்ட் பிளெக் அயர்ன் பொட்.’ நாலைந்து அடையை அடுக்கி யாரும் பேசுவதில்லை. இரண்டு வந்தால் நிறத்துக்கு முன்னால் அளவு என்று ஞாபகம் இருந்தாலே போதும்.

உடைந்த என்று மேலே சொன்னேன் அல்லவா, அங்கேதான் ‘ஐ ஆம் போரிங்’ என்ற புகழ்பெற்ற பிழை ஒளிந்திருக்கிறது. வகுப்பில் சலிப்பாக இருக்கிறது என்று டீச்சரிடம் சொல்லப் போய், நான் சலிப்பூட்டுகிற ஆள் என்று சொல்லிவிட்டு வருவார்கள். வினையிலிருந்து பிறக்கும் அடைகளில் ‘இங்’ என்றால் அதைச் செய்கிற, ‘எட்’ என்றால் அது செய்யப்பட்ட, அல்லது அதற்கு ஆளான. தமிழில் இது நமக்குப் பழகிய விஷயம்தான். சலிப்பூட்டும் பாடம், சலித்துப்போன பிள்ளை என்று பெயரெச்சமாகத் தினமும் சொல்கிறோம். ‘போரிங் லெசன்’, ‘போர்ட் சைல்ட்’. ‘டயரிங் கிளைம்ப்’ என்றால் களைக்க வைக்கிற ஏற்றம், ஏறியவர் ‘டயர்ட்’. சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தவருக்கு இந்த இரண்டையும் விளக்கவே வேண்டாம், முழங்கால் சொல்லும்.

ஆனால் பெயரெச்சத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தமிழில் ‘நேற்று ஹட்டனில் மாமா வாங்கித் தந்த குடை’ என்று ஒரு முழு வாக்கியத்தையே பெயருக்கு முன்னால் ஏற்றிவிடலாம். ஆங்கிலம் இவ்வளவு பாரத்தை முன்னால் சுமக்காது. ஒற்றைச் சொல் என்றால் முன்னால், நீளமாகப் போனால் பின்னால். ‘த அம்ப்ரெல்லா மை அங்கிள் போட் இன் ஹட்டன் யெஸ்டடே.’ இது அட்ஜெக்டிவ் பாடத்தில் வராது, ‘ரெலட்டிவ் க்ளோஸ்’ என்று வேறு பாடமாக வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டையும் ஒன்றாகவே சொல்லித் தர வேண்டும், ஏனென்றால் நமக்கு இரண்டும் ஒன்றுதான்.

‘வெரி’யைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வியை அனுப்பும்போது கடைசியில் ‘ஐ வெரி லைக் இங்கிலிஷ்’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். ‘எனக்கு ரொம்பப் பிடிக்கும்’ என்பதை அப்படியே தூக்கி வைத்தது அது. நம் ‘ரொம்ப’ எங்கேயும் போகும். ரொம்பப் பெரிய வீடு, ரொம்ப வேகமா ஓடினான், ரொம்பப் பிடிக்கும். ‘வெரி’ அட்ஜெக்டிவுக்கும் இன்னொரு அட்வேர்புக்கும் மட்டும்தான் முன்னால் நிற்கும். வினையைத் தொடாது. ‘எ வெரி பிக் ஹவுஸ்’, ‘ஹி ரேன் வெரி ஃபாஸ்ட்’, ஆனால் ‘ஐ லைக் இங்கிலிஷ் வெரி மச்’. இதற்கே உரிய சொற்கள் நம் பழைய இலக்கணத்தில் உண்டு. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்ற ஆறும் மிகுதியைக் காட்டும் உரிச்சொற்கள். ‘சாலச் சிறந்தது’ என்று மேடையில் பேசுகிறார்களே, அந்தச் ‘சால’ செய்கிற வேலைதான் ‘வெரி’ செய்கிற வேலை.

‘டூ’ வேறு. வெரி என்றால் மிகவும், டூ என்றால் அளவுக்கு மிஞ்சி. ‘வெரி ஹொட்’ தேத்தண்ணியைக் குடிக்கலாம், ‘டூ ஹொட்’ என்றால் ஆற வைக்க வேண்டும். பிள்ளையைப் பாராட்டுகிறேன் என்று ‘யூ ஆர் டூ கிளெவர்’ என்று தாய்மாரிடம் சொல்லிவிடாதீர்கள், முன்பள்ளியில் சண்டை வரும். நாங்கள் ‘சரியான குளிர்’ என்கிறோமே, அந்தச் ‘சரியான’வும் ‘வெரி’தான். டிசம்பர் மாதம் ஒரு பையன் கட்டுரையில் ‘இட் இஸ் கரெக்ட் கோல்ட்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். புள்ளி குறைக்க மனம் வரவில்லை.

வரிசையைப் பற்றியும் கொஞ்சம். தமிழில் வினை கடைசியில் நிற்பதால் அடையெல்லாம் அதற்கு முன்னால் வந்துவிடும். ‘அவ நல்லா இங்கிலிஷ் பேசுவா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்து ‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்’ என்று எழுதிவிடுகிறோம். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் இடையில் ஆங்கிலம் யாரையும் நுழைய விடாது. ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்.’ எப்பவும், அடிக்கடி, ஒருபோதும் போன்ற ஓல்வேஸ், ஒஃபன், நெவர் மட்டும் வினைக்கு முன்னால் போகும், ‘ஷி ஓல்வேஸ் டிரிங்ஸ் பிளேன் டீ’. ‘இஸ்’, ‘ஆர்’ வந்தால் அதற்குப் பின்னால், ‘ஷி இஸ் ஓல்வேஸ் லேட்’.

ஒப்பிடுவதில் நாம் விடுகிற பிழை ஒன்றே ஒன்றுதான். தமிழில் சொல் மாறாது, ‘விட’ மட்டும் சேரும். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், பிதுருதலாகலை 2,524 மீற்றர், ஆகவே இதைவிட அது உயரம். ஆங்கிலத்தில் சின்னச் சொல்லென்றால் ‘அர்’ சேரும், நீளமான சொல்லென்றால் முன்னால் ‘மோர்’ வரும். இரண்டும் சேர்ந்து வராது. ‘மோர் ஹையர்’ என்றால் ஒரு மலைக்கு இரண்டு தரம் ஏறிய மாதிரி. இங்கே ஒரு நிம்மதியும் உண்டு. குட், வெல் இரண்டுக்குமே ஒப்பீட்டு வடிவம் ‘பெட்டர்’தான். ‘திஸ் டீ இஸ் பெட்டர்’, ‘ஷி சிங்ஸ் பெட்டர்’. அந்த ஓர் இடத்தில் நீங்கள் அட்ஜெக்டிவா அட்வேர்பா என்று யோசிக்கவே தேவையில்லை.

வெல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சுகமாக இருக்கிறேன் என்ற பொருளில் மட்டும் வெல் ஓர் அட்ஜெக்டிவ். ‘ஐ ஆம் வெல்’ என்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை. ‘ஐ ஆம் குட்’ என்று இப்போது இளசுகள் சொல்கிறார்கள், பேச்சில் பரவாயில்லை, பரீட்சையில் வேண்டாம். ‘ஐ ஃபீல் பேட்’ என்பதுதான் மனம் சரியில்லை என்பதற்குச் சரி. ‘பேட்லி’ போட்டால், தடவிப் பார்க்கிற வேலையை மோசமாகச் செய்கிறேன் என்று கேலி பண்ணுவார்கள்.

பழகுவதற்கு நான் வகுப்பில் செய்விக்கிற ஒன்றைச் சொல்கிறேன். கொப்பியில் நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் ‘ஆக… இருக்கிறது’ என்று முடிகிற தமிழ் வாக்கியம், மற்றப் பக்கம் அதே ‘ஆக’வோடு வேறு வினை. அமைதியாக இருக்கிறது, அமைதியாகப் பேசினார். மெதுவாக இருக்கிறது, மெதுவாகப் போகிறது. ‘த ட்ரெயின் இஸ் ஸ்லோ’, ‘த ட்ரெயின் கோஸ் ஸ்லோலி’. நானுஓயாவில் இருந்து பதுளைக்கு ரயிலில் போனால் இந்தச் சோடியை எழுதி முடிக்க நிறையவே நேரம் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஐந்து சோடி, இரண்டு கிழமை. அதற்குள் உங்கள் கை தானாகவே ‘லி’யைப் போடவும் விடவும் பழகிவிடும். இடையில் எங்காவது ‘ஸ்லோ’ என்று மட்டும் எழுதிய வீதிப் பலகையைக் கண்டால் பயப்படாதீர்கள். ‘டிரைவ் ஸ்லோ’ என்பதும் வழக்கில் உண்டு, ஹார்ட், ஃபாஸ்ட் மாதிரி ‘லி’ இல்லாத பழைய கூட்டத்தில் ஸ்லோவும் ஓர் ஆள். பரீட்சைத் தாளில் மட்டும் ஸ்லோலி என்றே எழுதுங்கள், திருத்துகிறவர் எந்தக் கட்சி என்று நமக்குத் தெரியாது.

உங்கள் இரண்டு வாக்கியத்தையும் இப்படித் திருத்தி எழுதுங்கள்: ‘த டீ டேஸ்ட்ஸ் ஸ்வீட்.’ ‘ஷி சிங்ஸ் வெல்.’ நீங்கள் எழுதிய ஸ்வீட்லிக்கும் ஓர் இடம் இருக்கிறது. முன்பள்ளியில் முதல் நாள் அழுதுகொண்டு வந்த பிள்ளை நாலாம் நாள் உங்களைக் கண்டதும் சிரிக்கும், அன்றைக்கு எழுதுங்கள்: ‘த சைல்ட் ஸ்மைல்ட் ஸ்வீட்லி.’